வெள்ளக் கணக்கு, பெரிய க்ளஸ்டர், க்ளவுட்: வட சென்னைல அடிக்கடி கேக்குற கேள்விகள்

மணலி புதுநகர், எண்ணூர், சடயங்குப்பம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் மழை அடிச்சா தண்ணி எங்க எவ்ளோ ஏறும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுற சிவில் ஸ்டூடண்ட்ஸ், சின்ன டிசைன் ஆபீஸ் வச்சிருக்கவங்க, குடியிருப்போர் சங்கத்துல இருக்க ரிட்டையர்டு இஞ்சினியருங்கன்னு நிறைய பேர் கேக்குற கேள்விங்க இது. எல்லார்க்கும் நான் மொதல்ல சொல்றது ஒன்னு தான், சின்னதா ஓட்டி அளந்து பாருங்க, அப்புறமா க்ளவுட்ல, அதாவது இணையம் வழியா, பெரிய மெஷினை வாடகைக்கு எடுங்க. கீழ இருக்கறதுல பாதி அந்த ஒரு விஷயத்தை எப்படி செய்றதுன்னு தான்.

க்ளவுட்ல ஒரு சர்வர் எடுத்தாலே அது ஹெச்பிசி தானே அண்ணா?

இல்லப்பா. வெப்சைட் ஓடுற சர்வர் முக்காவாசி நேரம் யாராவது வருவாங்களான்னு சும்மா உக்காந்திருக்கும். ஹெச்பிசின்னா பல கம்ப்யூட்டரை ஒன்னா கட்டி பெரிய கணக்கு போடறது, அந்தக் கூட்டம் க்ளஸ்டர், அதுல ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு, மெஷினுக்குள்ள கணக்கு போடற ஒவ்வொரு மூளையும் ஒரு கோர். அதுல நூறு எரநூறு கோர் ஒரே கணக்கை பங்கு போட்டு ஒன்னா ஓடும், எல்லாம் நூறு சதவீதம் சூடா ஓடும். எண்ணூர் முகத்துவாரம் ஒரு நோடுல, மணலி இன்னொரு நோடுல, மாதவரம் பக்கம் மூணாவது நோடுலன்னு வச்சுக்குங்க, கொசஸ்தலையாத்து தண்ணி ஒரு பங்குல இருந்து அடுத்த பங்குக்குள்ள போகும்போது அந்த எல்லைல தண்ணி மட்டம் என்ன, வேகம் என்னன்னு ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும், அதாவது கணக்கு நேரத்துல ஒவ்வொரு குட்டி அடி வைக்கும்போதும், ஒன்னுக்கொன்னு சொல்லிக்கணும், அதுக்கு எம்பிஐன்னு ஒரு முறை இருக்கு. ஒரு நோடு லேட் பண்ணா மத்த எல்லாம் நிக்கும்.

இன்னொரு வகையும் இருக்கு. அதே மாடலை வேற வேற மழை, வேற வேற கடல் மட்டம் வச்சு நூறு தடவை ஓட்டணும், ஒரு ரன்னுக்கும் இன்னொரு ரன்னுக்கும் பேச்சே கிடையாது. இதுக்கு ஸ்பெஷல் நெட்வொர்க் ஒன்னும் வேணாம், சாதாரண மெஷின் நிறைய எடுத்தா போதும். உங்க வேலை இந்த ரெண்டுல எதுன்னு தெரியாம எதையும் வாடகைக்கு எடுக்காதீங்க.

என் லேப்டாப்லயே ஓடுதே, எப்போ தான் க்ளவுட் தேவைப்படும்?

ஓடுதுன்னா அதுலயே ஓட்டுங்க, நல்லது தான். ஆனா கிரிட்டை, அதாவது ஏரியாவை சின்னச் சின்ன கட்டமா பிரிச்ச வலையை, நுணுக்கமாக்க ஆரம்பிச்சா கதை மாறிடும். 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் ஏரியா, 10 மீட்டர் கட்டம்னா மொத்தம் 40 லட்சம் கட்டம். அதையே 5 மீட்டர் ஆக்குனா கட்டம் நாலு மடங்கு, அதோட நிக்காது, 1928ல கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவின்னு மூணு பேர் எழுதி வச்ச கண்டிஷன் ஒன்னு இருக்கு, அலை ஒரு டைம் ஸ்டெப்ல ஒரு கட்டத்தை தாண்டிப் போயிடக்கூடாதுன்னு, அதனால டைம் ஸ்டெப்பும் பாதியாகணும், ஆக வேலை எட்டு மடங்கு. 2 மீட்டருக்கு போனா கட்டம் 10 கோடி, வேலை 125 மடங்கு. லேப்டாப்ல 10 மீட்டர் ரன் ரெண்டு மணி நேரம்னா 2 மீட்டர் ரன் 250 மணி நேரம், பத்து நாளுக்கு மேல, அதுவும் மெமரி பத்துனா. நடுவுல ஒரு தடவை கரன்ட் போனா முதல்ல இருந்து.

அந்த 2 மீட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. வியாசர்பாடி கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்துல, ஓட்டேரி நல்லா ஓரத்துல இருக்க சந்தெல்லாம் அகலமே மூணு நாலு மீட்டர் தான். 10 மீட்டர் கட்டத்துல அந்த சந்தும் ரெண்டு பக்கத்து வீடும் ஒரே நம்பரா ஆயிடும். தண்ணி ஓடுறது அந்த சந்துல தானே.

வானிலைத் துறை சூப்பர் கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களே, நாம எதுக்கு தனியா?

அவங்க வேலை வேற, நம்ம வேலை வேற. 2024 செப்டம்பர்ல புனேல அர்கா, நொய்டால அருணிகான்னு ரெண்டு பெரிய சிஸ்டம் தொடங்குனாங்க, அதை வச்சு 2025 மே மாசத்துல இருந்து 6 கிலோமீட்டர் கட்டத்துல இந்தியாவுக்கு முன்னறிவிப்பு குடுக்குறாங்க. பெரிய விஷயம், அந்த மழைக் கணக்கு தான் நம்ம மாடலுக்கு உள்ள போற சரக்கே. ஆனா 6 கிலோமீட்டர்னா ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் ரெண்டு மூணு கட்டத்துக்குள்ள அடங்கிடும். வானத்துல இருந்து எவ்ளோ விழும்னு அவங்க சொல்லுவாங்க, விழுந்தது எந்தத் தெருவுல நிக்கும்ங்கறது தனிக் கணக்கு, அதை நம்ம ஏரியாவை அறிஞ்சவங்க போடணும்னு நான் நெனைக்கிறேன்.

ஹெச்இசி-ராஸ் யூஸ் பண்றேன், 200 கோர் எடுத்தா வேகமா முடியுமா சார்?

முடியாது. அந்த வெள்ளக் கணக்கு சாஃப்ட்வேர் ஒரு மெஷினுக்குள்ள இருக்க கோர்களை மட்டும் தான் பயன்படுத்தும், நாலு மெஷினை சேத்து ஒரே ரன்னை ஓட்டாது, ஒரே மெஷின்லயும் ஒரு அளவுக்கு மேல கோர் ஏத்துனா வேகம் ஏறுறது நின்னுடும். கோர் கொஞ்சம், கிளாக் ஸ்பீடு அதிகம், அப்படிப்பட்ட மெஷினா பாருங்க. நூறு சினாரியோ இருந்தா சின்ன மெஷின் நூறு எடுத்து ஒரே நேரத்துல விடுங்க, அங்க தான் க்ளவுட் ஜெயிக்குது. மழைக்கு அஞ்சு அளவு, எண்ணூர் வாய்ல கடல் மட்டம் நாலு, பூண்டி புழல்ல இருந்து திறந்து விடுற தண்ணி அஞ்சுன்னு வச்சா சரியா நூறு ரன் ஆச்சு. ஒன்னொன்னா ஓட்டுனா மாசக் கணக்கு, ஒன்னா விட்டா ஒரு ராத்திரி, செலவு கிட்டத்தட்ட ஒன்னு தான்.

பல நோடுல ஒரே கணக்கை ஓட்டணும்னா அதுக்குன்னு எழுதுன சாஃப்ட்வேர் வேணும். வெள்ளத்துக்கு அனுகா, புயல்ல கடல் ஏறறதுக்கு அட்சர்க், வானிலைக்கு வர்ஃப், பொதுவா திரவ ஓட்டத்துக்கு ஓபன்ஃபோம், இதெல்லாம் எம்பிஐல ஓடும், காசும் குடுக்க வேணாம்.

அப்போ எத்தனை நோடு எடுக்கணும்?

இது தான் உயிர் கேள்வி. அளக்கணும், வேற வழியே இல்ல. உங்க முழு ரன் மூணு நாள் வெள்ளம்னா அதுல ஒரு அரை மணி நேர வெள்ளத்தை மட்டும் எடுங்க, அதை 1 நோடுல, 2ல, 4ல, 8ல ஓட்டி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

கணக்குக்காக ஒரு நோடு மணிக்கு 300 ரூபாய்னு வைப்போம். ஒரு நோடுல 8 மணி நேரம் ஓடுனா 2,400 ரூபாய். 8 நோடு போட்டு கரெக்டா 8 மடங்கு வேகம் வந்தா ஒரு மணி நேரத்துல முடியும், அப்பவும் அதே 2,400 தான், இது க்ளவுட்டோட பெரிய அழகு, சொந்த மெஷின்ல இது கிடைக்கவே கிடைக்காது. ஆனா நிஜத்துல 6 மடங்கு தான் வரும்னா ஒரு மணி 20 நிமிஷம், 8 நோடு, 3,200 ரூபாய். நேரம் முக்கியம்னா அந்த 800 ரூபாய் குடுக்கலாம் தப்பில்ல. 32 நோடு போட்டும் 9 மடங்கு தான் வருதுன்னா அது காசை கடல்ல கொட்றது.

ஏன் நின்னு போகுதுன்னா, 1967ல ஜீன் அம்டால்ங்கற கம்ப்யூட்டர் டிசைனர் சொன்னது தான். வேலைல 5 சதவீதம் பிரிக்க முடியாம ஒரே கோர்ல ஓடுதுன்னா ஆயிரம் கோர் குடுத்தாலும் 20 மடங்குக்கு மேல வேகம் வராது. நம்ம மாடல்கள்ல அந்த பிரிக்க முடியாத பகுதி முக்காவாசி எங்க இருக்கும்னா ரிசல்ட் ஃபைல் எழுதுற இடத்துல. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் முழு கிரிட்டையும் எழுதச் சொல்லியிருப்பாங்க, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திப் பாருங்க, பல பேருக்கு அதுலயே பிரச்சனை தீந்துடும்.

96 விசிபியுன்னு போட்டிருக்கான், 96 கோர் தானே?

பெரும்பாலும் பாதி. விசிபியுன்னா க்ளவுட்காரங்க கணக்கு காட்டுற விர்ச்சுவல் சிபியு. இன்டெல் மெஷின்கள்ல ரெண்டு விசிபியு சேந்து தான் ஒரு நிஜ கோர், ஹைப்பர்த்ரெடிங்னு பேர். நம்ம மாதிரி கணக்குக்கு அந்த ரெண்டாவது த்ரெட் உதவுறது ரொம்ப கம்மி, சில சமயம் கெடுக்கும், ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. ஹெச்பிசிக்குன்னே விக்கிற மெஷின்ல இது முன்னாடியே ஆஃப்ல இருக்கும், உதாரணத்துக்கு அமேசானோட ஹெச்பிசி6ஏ-ல 96ன்னா நிஜமாவே 96 கோர். விலையை ஒப்பிடும்போது நிஜ கோருக்கு எவ்ளோன்னு பாருங்க.

நெட்வொர்க் 100 கிகாபிட்னு எல்லாரும் தான் தராங்க, அப்புறம் எதுக்கு இன்ஃபினிபேண்ட், இஎஃப்ஏன்னு தனியா காசு?

ஹார்பர் ஜீரோ கேட் போற கன்டெய்னர் லாரியை நெனச்சுக்குங்க. ரோடு எட்டு லேன் இருக்கலாம், ஆனா கேட்டுல ஒவ்வொரு வண்டிக்கும் பேப்பர் பாக்குற நேரம் தான் எத்தனை வண்டி உள்ள போகும்னு முடிவு பண்ணுது. எம்பிஐல போற செய்தி எல்லாம் சின்னச் சின்னது, ஆனா செகண்டுக்கு ஆயிரக்கணக்குல போகும், ஒவ்வொன்னுக்கும் ஆகுற தாமதம் தான் நம்மளக் கொல்லும், ரோடு அகலம் இல்ல. இன்ஃபினிபேண்ட் அந்த தாமதத்தை ஒன்னு ரெண்டு மைக்ரோசெகண்டுக்கு கொண்டு வரும், மைக்ரோசாஃப்ட்டோட ஆஷர் க்ளவுட்ல ஹெச்பி (HB) வரிசை மெஷின்ல அது கிடைக்கும், அமேசான்ல இஎஃப்ஏன்னு அவங்களே செஞ்சது. நோடு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும்னு ப்ளேஸ்மென்ட் க்ரூப் போட மறந்துடாதீங்க, அது இல்லாம ஓட்டிட்டு க்ளவுட் ஸ்லோன்னு திட்றவங்க நிறைய.

நூறு தனித்தனி ரன் கேஸ்ல இது எதுவுமே வேணாம், காசு மிச்சம்.

ஜிபியு போட்டா எல்லாம் பறக்குமாமே?

ஜிபியுன்னா கிராஃபிக்ஸ் கார்டு. வெள்ள மாடலுக்கு பல நேரம் ஆமாம், ஏன்னா ஒவ்வொரு கட்டமும் பக்கத்து நாலு கட்டத்தை மட்டும் தான் பாக்குது, அந்த மாதிரி வேலை ஜிபியுக்கு ரொம்பப் பிடிக்கும். லிஸ்ஃப்ளட்-எஃப்பி மாதிரி சாஃப்ட்வேர்ல ஜிபியு சால்வர் இருக்கு. ஆனா உங்க சாஃப்ட்வேர் ஜிபியுக்கு எழுதப்பட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க, இல்லன்னா கார்டு சும்மா சூடாகாம உக்காந்திருக்கும், பில் மட்டும் ஏறும். அடுத்தது டபுள் பிரிசிஷன், அதாவது நம்பரை கூடுதல் இலக்கத்தோட துல்லியமா வச்சு கணக்கு போடறது. விலை கம்மியா கிடைக்குற டி4, எல்4 ஜிபியு எல்லாம் ஏஐ மாடல் ஓட்டறதுக்கு நல்லது, டபுள் பிரிசிஷன்ல ரொம்ப பலவீனம். ஏ100, ஹெச்100 அதுல பலம், விலையும் அப்படி. சிங்கிள் பிரிசிஷன்ல உங்க ரிசல்ட் எவ்ளோ மாறுதுன்னு ஒரு சின்ன ரன்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்பாட் மெஷின் பாதி விலைக்கும் கம்மியா இருக்கே, அதையே எடுத்துடலாமா?

ஸ்பாட்னா யாரும் எடுக்காம மிச்சம் இருக்க மெஷினை தள்ளுபடில விடறது. எடுக்கலாம், ஆனா எப்ப வேணா புடுங்கிப்பாங்கன்னு தெரிஞ்சு எடுங்க. அமேசான் ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லும், கூகுளும் ஆஷரும் 30 செகண்டு தான். தனித்தனி ரன்னுக்கு தாராளமா போடுங்க, ஒன்னு போனா அதை மட்டும் திரும்ப விட்டா முடிஞ்சது. எம்பிஐல 16 நோடு ஓடும்போது ஒன்னு போனா பதினாறும் சாகும். அதுக்கு விட்ட இடத்துல இருந்து தொடர உதவுற ரீஸ்டார்ட் ஃபைலை அடிக்கடி எழுதணும், எழுதறதும் அந்த மெஷினோட சொந்த டிஸ்க்ல இல்லாம வெளிய இருக்க ஸ்டோரேஜ்ல எழுதணும். 30 செகண்டுல எழுதி முடிச்சிடலாம்னு நம்பாதீங்க, பெரிய கிரிட்டுக்கு பத்தாது.

பில் எதுல ஏமாத்தும்?

ஏமாத்தறது இல்லை, எல்லாம் அவங்க பேஜ்ல எழுதித்தான் இருக்கும், நம்ம பாக்கறது இல்ல, அவ்ளோ தான். ஆனா வட சென்னைல சொந்தக் காசுல, இல்ல வீட்டுல வாங்குன காசுல பண்ற பசங்களுக்கு ஒரு தப்பு பில் வந்தா மறுபடி இந்தப் பக்கமே வர மாட்டாங்க, அதனால இதை நிதானமா படிங்க.

ரன் முடிஞ்சதும் நோடு தானா அணையணும். ஜாபை வரிசைல விடற ஸ்லர்ம் மாதிரி ஷெட்யூலர் வச்சு, அமேசானோட பேரலல்க்ளஸ்டர், ஆஷரோட சைக்கிள்க்ளவுட் இதுல எதுலயாவது க்ளஸ்டர் கட்டுனா ஜாப் இல்லாதப்ப நோடு தானா போயிடும், கையால மெஷின் எழுப்புறதை இன்னிக்கே விட்டுடுங்க. ஆஷர்ல மெஷினுக்குள்ள போய் ஷட்டவுன் குடுத்தா மட்டும் பத்தாது, வெளிய போர்ட்டல்ல ஸ்டாப் குடுத்து டிஅலோகேட்டட்னு வரணும், இல்லன்னா மெஷின் அணைஞ்சிருக்கும், மீட்டர் ஓடிட்டிருக்கும். அமேசான்ல ஸ்டாப் பண்ணா மெஷின் காசு நிக்கும், டிஸ்க் காசு நிக்காது. லஸ்டர் மாதிரி வேகமான ஃபைல் சிஸ்டம் நீங்க அழிக்கிற வரைக்கும் ஓடும், ரன் ஓடுதோ இல்லையோ. மெஷினோட இணைய முகவரியான பப்ளிக் ஐபிவி4 அட்ரஸுக்குக் கூட 2024 பிப்ரவரில இருந்து அமேசான் மணிக் கணக்குல காசு வாங்குது, சின்னக் காசு தான்.

டேட்டா உள்ள ஏத்த காசு இல்ல, வெளிய இறக்கத்தான் காசு. அமேசான்ல மாசத்துக்கு முதல் 100 ஜிபி ஃப்ரீ, அதுக்கு மேல மும்பைல இருந்து இறக்குனா ஜிபிக்கு 10 சென்ட் பக்கம் ஆகும். 5 டெராபைட் ரிசல்ட்டை முழுசா இறக்குனா 500 டாலருக்கு போயிடும், ரன்னோட செலவை விட அதிகம்! இறக்கவே இறக்காதீங்க. ரிசல்ட்டை படமாக்குற பாராவியூ சாஃப்ட்வேரை அங்கயே ஓட்டி படத்தை மட்டும் பாருங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் அதிகபட்ச ஆழம் எவ்ளோ, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு ரெண்டே மேப் ஆக்கி அதை மட்டும் எடுங்க, ஜனங்களுக்கு வேண்டியது அது தான்.

பட்ஜெட் அலர்ட் போடுங்க, ஆனா அது வெறும் மெயில், மெஷினை தானா நிறுத்தாது, அதுவும் சில மணி நேரம் லேட்டா தான் வரும். எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி.

சென்னைல இருக்க டேட்டா சென்டர்லயே எடுக்கணுமா?

அவசியம் இல்ல. ஆஷரோட சவுத் இந்தியா ரீஜியன் சென்னைல தான் இருக்கு, அமேசான் மும்பை ஹைதராபாத், கூகுள் மும்பை டெல்லி. ஜாப் ஓடுற வேகத்துக்கும் நீங்க தண்டையார்பேட்டைல உக்காந்திருக்கறதுக்கும் சம்பந்தம் கிடையாது, நோடுங்க ஒன்னுக்கொன்னு பக்கத்துல இருந்தா சரி. ஆனா ஹெச்பிசி மெஷின் எல்லா ரீஜியன்லயும் கிடைக்காது, பாத்துக்குங்க. புது அக்கவுண்ட்ல பெரிய மெஷினுக்கு கோட்டா ரொம்ப கம்மியா இருக்கும், பெரிய ஜிபியுக்கு பூஜ்யமாவே இருக்கும், எதுக்குன்னு எழுதி கேக்கணும், நாள் ஆகும். ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுடுங்க.

சொந்தமா ஒரு வொர்க்ஸ்டேஷன் வாங்கிடலாமே?

வருஷம் முழுக்க தினமும் ஓட்டுவீங்கன்னா வாங்குங்க, க்ளவுட்டை விட மலிவு தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் மட்டும் ஓட்டுவீங்கன்னா வேணாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டி இருக்கவங்களுக்கு உப்புக்காத்து வேற, ஃபேனும் கனெக்டரும் சீக்கிரம் துரு ஏறும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி, 32 ஜிபி மெமரியோட சாதாரண டெஸ்க்டாப் ஒன்னு வச்சு மாடலை அதுல செஞ்சு சரி பாத்து, பெரிய ரன்னை மட்டும் வெளிய விடறது. எனக்கு இது தான் சரின்னு படுது.

காலேஜ்ல இருக்கவங்க மத்திய அரசோட நேஷனல் சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனை மறக்காதீங்க, 2015ல 4,500 கோடில ஆரம்பிச்சது. திருச்சி என்ஐடில பரம் பொருள்னு 838 டெராஃப்ளாப்ஸ் (கணக்கு போடற வேகத்தோட அளவு) மெஷின் 2022ல இருந்து இருக்கு. கைடு மூலமா கேட்டுப் பாருங்க. க்யூல நிக்கணும், ஆனா கத்துக்க அதை விட நல்ல இடம் இல்ல, அங்க ஸ்லர்ம் கத்துக்கிட்டா க்ளவுட்லயும் அதே கமாண்டு தான்.

லைசென்ஸ் சாஃப்ட்வேர் க்ளவுட்ல ஓடுமா?

கம்பெனி அக்ரிமென்ட்ல இருந்தா ஓடும். பல லைசென்ஸ் கோர் கணக்குல இருக்கும், 200 கோர் எடுத்தா மெஷின் வாடகையை விட லைசென்ஸ் தூக்கிடும். ஸ்டூடண்ட் லைசென்ஸ் வச்சு கன்சல்டிங் வேலை பண்ணாதீங்க.

2 மீட்டர் கிரிட்ல ஓட்டுனோம், ஆனா நெஜத்துல முழுகுன தெரு மேப்ல காஞ்சு கெடக்கு, எந்த மெஷின் எடுத்தா சரியாகும்?

எந்த மெஷினும் சரி பண்ணாது. நீங்க போட்ட தரை மட்டம் தப்பு. இணையத்துல ஃப்ரீயா கிடைக்குற எஸ்ஆர்டிஎம், கோபர்நிகஸ் மாதிரி விண்வெளில இருந்து அளந்த 30 மீட்டர் கட்ட தரை உயர டேட்டால உயரத்துல மீட்டர் கணக்குல தப்பு இருக்கும், கட்டடத்து மேல்தளத்தையும் மரத்தையும் தரைன்னு எடுத்துக்கும். மலைல அது பெருசா தெரியாது. நம்ம பக்கம் கடல் மட்டத்துல இருந்து சில மீட்டர் உயரம் தான், தெருவுக்குத் தெரு வித்தியாசம் அரை மீட்டர் கூட இல்ல, அங்க ரெண்டு மீட்டர் தப்பு இருந்தா மாடல்ல தண்ணி வேற ஊருக்குப் போகும். 30 மீட்டர் டேட்டாவை 2 மீட்டரா நறுக்குனா புது விவரம் ஒன்னும் பொறக்காது, 10 மீட்டர் ரன்னை விட 125 மடங்கு காசு குடுத்து அதே தப்பை தெளிவா பாக்கலாம், அவ்ளோ தான்.

லேசர் வச்சு தரை உயரம் அளக்குற லைடார் சர்வே டேட்டா கிடைக்குமான்னு கல்லூரி மூலமா, மாநகராட்சி மூலமா முறையா கேளுங்க. கிடைக்கலன்னா ஆட்டோ லெவல்னு இருக்க சர்வே கருவி வச்சு முக்கியமான தெரு முனை, கால்வாய் கரை, கல்வெர்ட் அடி மட்டம் இதையாவது நேர்ல போய் எடுங்க. ரயில்வே சப்வே, பக்கிங்ஹாம் கால்வாய் பாலம், புழல் உபரி நீர் கால்வாய் கரை, இதெல்லாம் மாடல்ல கையால ஏத்தணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சுவத்துல நின்ன தண்ணிக் கறை எவ்ளோ உயரம்னு வீட்டு வீட்டுக்கு கேட்டு எழுதுங்க, அம்மாங்க, பாட்டிங்க எந்த படி வரைக்கும் வந்துச்சுன்னு கரெக்டா சொல்லுவாங்க. மாடல் சரியான்னு பாக்க அதை விட நம்பகமான டேட்டா எனக்குத் தெரிஞ்சு இல்ல. கடல் பக்க கண்டிஷனையும் விடாதீங்க, புயல் நேரத்துல கடல் மட்டம் ஏறி நின்னா எண்ணூர் வாய்ல ஆத்துத் தண்ணி வெளிய போகாது, உள்ளயே தேங்கும், அதை சாதாரண அலை மட்டம்னு போட்டா மணலி மேப் பொய் சொல்லும்.

புயல் வர்ற ராத்திரி லைவா ஓட்டி ஜனங்களுக்கு சொல்ல முடியுமா அண்ணா?

இந்தக் கேள்வியைக் கேக்குற ஒவ்வொருத்தர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. க்ளவுட் மும்பைலயோ ஹைதராபாத்லயோ ஓடிட்டு தான் இருக்கும், இங்க கரன்ட் போனாலும் ரன் நிக்காது. ஆனா உங்க வீட்டுல கரன்ட் இருக்காது, டவர் இருக்காது, ரிசல்ட் அங்கயே கெடக்கும். அன்னிக்கு ராத்திரி ஸ்பாட் மெஷின் நம்பவே கூடாது, முழு விலைல எடுத்தாலும் கேட்ட அளவு கிடைக்கும்னு உறுதி இல்ல, முன்னாடியே கெபாசிட்டி ரிசர்வ் பண்ணி வச்சா தான் உண்டு, அதுக்கு சும்மா இருந்தாலும் காசு.

அதனால முன்கூட்டியே ஓட்டி வைக்கிறது தான் நம்ம கைக்கு எட்டுன வழி. மேல சொன்ன அந்த நூறு சினாரியோவை ஆகஸ்ட் செப்டம்பர்ல, அவசரம் இல்லாதப்போ, மலிவான ஸ்பாட் மெஷின்ல ஓட்டிடுங்க. ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்கம் மேப், மேல பெருசா மழை எவ்ளோ, கடல் மட்டம் எவ்ளோ, ஏரில இருந்து எவ்ளோ கன அடின்னு எழுதி பிடிஎஃப் ஆக்கி சங்கத்துல இருக்க பத்து இருபது பேர் போன்ல டவுன்லோட் பண்ணி வைக்கச் சொல்லுங்க, ரெண்டு செட் பிரிண்டும் எடுத்து வைங்க. புயல் அறிவிப்புல வர்ற மழை அளவையும் ஏரி திறப்பு அளவையும் பாத்து எந்த பக்கம் கிட்ட வருதோ அதை எடுத்துப் பாத்தா போதும். அது அரசாங்க எச்சரிக்கைக்கு பதில் இல்லங்கறதையும் ஒவ்வொரு பக்கத்துலயும் தெளிவா போடுங்க, வெளியேறச் சொன்னா மேப்ல காஞ்சிருந்தாலும் வெளியேறணும்.